பிரோஷ்காவின் கைமணம்

"கெண்டையா? உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா வில்மா? அத எங்க வீட்டுப் பூனகூட மோந்து பாக்காது" என்றான் மீன்காரன் வால்ட். வலையில் தப்பித் தவறி மாட்டும் கெண்டைகளை அவன் ஏரியிலேயே கடாசிவிட்டு வருகிறவன். ஏரிக்கரை ஊரான லொரெய்னில் அதுவரை யாரும் காசு கொடுத்து அந்த மீனை வாங்கியதில்லை.

"பூனைக்கு இல்ல, எனக்கு. நல்லா வயிறு பெருத்ததா வேணும். கூடவே பொடிமீனு, எது மாட்டுதோ அது."

"ஓட்டல் தொறக்கப் போறேன்னு சொன்னாங்க. தொறக்கறதுக்கு முன்னாடியே மூட வழி பாக்கறியே!"

வில்மா சிரித்துக்கொண்டே மீனுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். அம்மா செத்த நாளிலிருந்து அவள் கெண்டையைத் தொட்டதில்லை.

வால்டிடம் கெண்டை கேட்டபோது வில்மாவுக்கு நாற்பது வயது. போரில் ஊரை விட்டு ஓடி, ஆஸ்திரியாவில் ஒரு முகாமில் ஒதுங்கியிருந்த ஹங்கேரியக் குடும்பத்தில் பிறந்தவள். கைக்குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்தாள். அப்பா ஆர்பாடுக்கு லொரெய்ன் எஃகு ஆலையில் உலைக்களத்தில் வேலை கிடைத்தது. அந்த வட்டாரத்தில் ஹங்கேரியர்கள் தெருத்தெருவாக இருந்தார்கள். தேவாலயத்தில் பூசை அவர்கள் மொழியில், கறிக்கடையில் பேரம் அவர்கள் மொழியில்.

வில்மா வளர்ந்து கிளீவ்லாண்டுக்குப் போய்ப் பெரிய ஓட்டல்களில் சமையல் கற்றாள். வெங்காயம் உரிக்கிற இடத்தில் தொடங்கி, அடுப்படிக்கே தலைமை ஏற்கிற அளவுக்கு உயர்ந்தாள். பிரெஞ்சுக் குழம்பு, இத்தாலியச் சேவை எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தன் நாட்டுச் சமையலை மட்டும் அவள் எந்த அடுப்பிலும் ஏற்றியதில்லை. "உங்க ஊர்ச் சாப்பாடு ஒருநாள் போடேன்" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டால், "எங்க வீட்ல சமையலே கிடையாதுப்பா" என்று சொல்லிவிடுவாள்.

அது பொய்யில்லை. அம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டில் பாப்ரிகா என்கிற செக்கச்செவேலென்ற மிளகாய்த்தூள் டப்பா திறக்கப்பட்டதே இல்லை. அப்பாவும் மகளும் ரொட்டியும் வேகவைத்த முட்டையும் கடையில் வாங்கிய தொத்திறைச்சியும் தின்றே வருடங்களை ஓட்டினார்கள். ஏரி தெரிகிற சன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் ஆர்பாட் உட்காருவார். அந்த நாற்காலியை யாரும் திருப்பிப் போட்டதில்லை.

வில்மாவை ஊருக்குத் திரும்ப வரவழைத்தது அப்பாவின் மறதி. ஒருநாள் கெட்டில் அடுப்பிலேயே கருகி ஓட்டையாகிப் போனது. இன்னொரு நாள் அவருடைய பூட்ஸ் குளிர்பெட்டிக்குள் கிடந்தது. பக்கத்து வீட்டு ரோசி நேனி தொலைபேசியில் கத்தினாள்: "உங்கப்பன் வீட்டக் கொளுத்தினா எங்க வீடும் சேந்துதாண்டி எரியும். வந்து சேரு!" அம்மா வயதுப் பெண்கள் எல்லோருமே அங்கே நேனிதான். ஆனால் ரோசி நேனி அம்மாவுக்கு உயிர்த்தோழி. அம்மா போன பிறகு வில்மாவுக்குத் தலை பின்னி விட்டவள்.

வில்மா கல்யாணமாகி, அது சரிப்படாமல், தனியாக இருந்தாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும், பிழைக்கவும் வேண்டும். ஏரிக்கு இறங்கும் சாலையில் பூட்டிக் கிடந்த ஒரு செருப்புக் கடையைப் பிடித்து ஓட்டல் வைக்கலாம் என்று நினைத்தாள்.

"பிரெஞ்சு சாப்பாடு போட்டா இங்க எவன் திம்பான்?" என்றாள் ரோசி நேனி. "எங்களுக்கு எங்க சாப்பாட்டப் போடு. நூடுல்ஸ் நான் தேச்சுத் தரேன். மீன் குழம்பு மட்டும் நீதான் வெக்கணும். நம்ம நாட்டுத் திஸா ஆத்தங்கர ஆளுங்க கையிலதான் அது வரும். உங்கம்மா கையில வந்த மாதிரி…" சொல்ல வந்ததை நேனி நடுவிலேயே விழுங்கிவிட்டாள்.

பிரோஷ்கா, அதுதான் அம்மாவின் பெயர், ஏரியில் போனவள். மார்ச் மாதம், பனி இன்னும் உடையாத நேரம். ஆலையில் வேலை இல்லாத நாட்களில் ஆண்கள் உறைந்த ஏரியின் மேல் தகரக் குடிசை போட்டு, பனியில் துளையிட்டு மீன் பிடிப்பார்கள். அன்று ஆர்பாடும் போயிருந்தார். சாயங்காலம் பிரோஷ்கா மீன் குழம்புப் பானையைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரைத் தேடி ஏரிக்குள் நடந்தாள். அவரோ அதற்குள் வேறு பக்கமாகக் கரையேறி மதுக்கடையில் உட்கார்ந்திருந்தார். இருட்டியும் அவள் திரும்பவில்லை. பனி இளகிய ஏப்ரலில்தான் உடம்பு கிடைத்தது.

விபத்து என்று எழுதி மூடினார்கள். ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? அதற்கு முந்தின நாள் அந்த வீட்டில் சண்டை நடந்தது தெருவுக்கே தெரியும். உப்புக் கரிக்கிறது என்று ஆர்பாட் குழம்புக் கிண்ணத்தைச் சுவரில் வீசியதும், அது நொறுங்கிய சத்தமும் ரோசி நேனி வீடு வரை கேட்டிருந்தது. "மார்ச் மாசப் பனிய நம்பி எவளாவது ஏரியில எறங்குவாளா? தெரிஞ்சுதான் போயிருக்கா" என்று தேவாலய வாசலில் பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வில்மாவிடமே கேட்டார்கள். ஆர்பாட் தூண்டிலையும் துளைபோடும் கம்பியையும் யாருக்கோ கொடுத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஓட்டலுக்குத் 'திஸா' என்று பெயர் வைத்தாள் வில்மா. அம்மா குறிப்பு எதுவும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அடுப்பருகே முக்காலி மேல் நின்று பார்த்ததுதான் வில்மாவுக்கு மிச்சம். திறப்பு விழாவுக்கு முந்தின வாரம், ரோசி நேனி மாவு தேய்த்துக்கொண்டிருக்க, வில்மா முதல் தடவையாகக் குழம்பு வைத்தாள். பொடிமீனையும் வெங்காயத்தையும் கரையக் கரைய வேகவைத்து வடிகட்டினாள். அந்தச் சாறு கொதித்ததும் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டாள். கெண்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். அதற்கு மேல் அந்தக் குழம்பில் கரண்டி படக்கூடாது, மீன் உடைந்துவிடும். பானையின் இரண்டு காதையும் துணியால் பிடித்து உலுக்க வேண்டும். அவள் உலுக்கினாள். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, தலையைக் குனிந்து, ஒரு தாளத்தோடு.

பின்னால் மாவுக்கட்டை விழுந்து உருண்டது.

"உங்கம்மா பாடற அந்தப் பாட்ட எங்கடி கத்துக்கிட்ட?" என்றாள் நேனி.

"எந்தப் பாட்டு?"

"இப்ப முனகினியே."

"நான் எங்க பாடினேன்? வாயே தொறக்கல நேனி."

ரோசி நேனி மாவுக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள். நெற்றியில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. அன்று அவள் வேலையை முடிக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

திறப்பு விழாவன்று கூட்டம் தாங்கவில்லை. பாதிரியார் வந்து மந்திரித்தார். ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர்கள் எல்லோரும் கோட்டுப் போட்டு வந்திருந்தார்கள். வால்ட் கூட வந்து, "என் கெண்டையா இது?" என்று வாயைப் பிளந்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டான். ஆர்பாடை அடுப்படிக் கதவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். குழம்பு வந்தது. முகத்துக்கு நேரே ஆவி எழும்ப, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

வில்மா அவருக்கு முதுகைக் காட்டி நின்று பானையை உலுக்கிக்கொண்டிருந்தாள். தோளில் ஒரு கை விழுந்தது.

"இன்னிக்கு உப்பு சரியா இருக்கு, பிரோஷ்கா" என்றார் அப்பா.

அடுப்படியில் அத்தனை சத்தம். அவளுக்கு மட்டும் எதுவும் காதில் விழவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. திரும்பினால் அவர் முகத்தில் இருப்பது போய்விடுமே. "சரி, போய் உக்காருங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் சொன்னபடி கேட்டு, போய் உட்கார்ந்து, கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துத் தின்றார்.

அதிலிருந்து ஆர்பாட் தினமும் மத்தியானம் முகம் மழித்து, தலைக்கு எண்ணெய் தடவி ஓட்டலுக்கு வந்தார். ஒருநாள் தேவாலயத் தோட்டத்துச் சாமந்தியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினார். வீட்டில் அவள் வில்மா. ஓட்டல் அடுப்படியில் பிரோஷ்கா. அவர் மனசுக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இடிக்காமல் நடமாடினார்கள்.

"முகாம்ல அந்தச் சமையக்காரன் உனக்கு மட்டும் ரெண்டு ரொட்டி குடுப்பானே, ஞாபகம் இருக்கா?" என்பார் முக்காலியில் உட்கார்ந்து. "நான் அவன அடிக்கக் கையோங்கிட்டுப் போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எனக்கும் ஒண்ணு குடுத்தான். வாங்கித் தின்னுட்டு வந்துட்டேன்."

வில்மா வாய்விட்டுச் சிரித்தாள். தன் தாய்க்கு நீச்சல் தெரியும் என்பதை, திஸா ஆற்றில் ஆண்பிள்ளைகளோடு போட்டி போட்டு அக்கரை தொட்டவள் என்பதை, அவள் இப்படித்தான் தெரிந்துகொண்டாள். நாற்பது வயது வரை கிடைக்காத தாய், ஒரு மறதிக்காரரின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கிடைத்தாள். அதனால் அவள் மறுத்துச் சொல்லவில்லை. "ஆமா, ஞாபகம் இருக்கு" என்று சொல்லிப் பழகினாள்.

வீட்டில் அப்பா அதட்டுவார்: "வில்மா, உங்கம்மா ஒத்த ஆளா கிடந்து அல்லாடறா. கூடமாட ஒத்தாச பண்ணக் கூடாதா?"

"பண்றேம்பா."

"பண்றேன் பண்றேன்னுதான் சொல்ற. ஒருநாளாவது உன்ன அங்க பாத்திருக்கேனா?"

அவள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

குளிர்காலம் வந்தபோது அவளுக்கு உள்ளூர ஏதோ அரிக்கத் தொடங்கியது. கூந்தலை அம்மா மாதிரி வாரிச் சுற்றிக் கட்டியிருந்தாள். எப்போது அப்படிக் கட்ட ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சரக்கு இறக்க வந்தவனின் சீட்டில் கையெழுத்துப் போடும்போது 'பி' என்று தொடங்கிவிட்டு அடித்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தின் பளபளப்பில் ஒரு முகம் தெரிந்தால், அது தன் முகம்தானா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். கரை முதல் வானம் வரை நிறைந்த அந்த வெள்ளைப் பரப்பில் அம்மா நடப்பது போன்ற கனவு அடிக்கடி வந்தது. கனவில் பானையைச் சுமந்துகொண்டு நடந்தது அவளேதான்.

ரோசி நேனி ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "செத்தவளக் கூப்பிட்டு உள்ள உக்கார வெச்சிருக்கடி நீ. எறங்கினவ ஏறிப் போக மாட்டா. உங்கப்பனுக்குப் புத்தி போச்சு. உனக்கு என்ன கேடு?"

"அவர் சந்தோஷமா இருக்காரு நேனி."

"அவன் இருக்கான். நீ இருக்கியா? வில்மான்னு ஒருத்தி இருந்தாளே, அவள நான் பாத்து எத்தன நாளாச்சு!"

அந்தச் சொல் தைத்தது. பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை வில்மா குழம்பை மாற்றினாள். கெண்டைக்குப் பதில் வேறு மீன், மிளகாய்த்தூள் பாதி, கிளீவ்லாண்டில் கற்ற மாதிரி வெண்ணெயும் வெள்ளை ஒயினும். கூந்தலை அவிழ்த்துத் தொப்பிக்குள் செருகினாள். பானையை உலுக்காமல் கரண்டியைப் போட்டுக் கிளறினாள். நல்ல குழம்புதான். வந்தவர்கள் குறை சொல்லவில்லை.

ஆர்பாட் ஒரு வாய் வைத்தார். கிண்ணத்தை மெல்ல நகர்த்தினார். அடுப்படிக்குள் வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யாரும்மா? பிரோஷ்கா எங்க?"

"அப்பா, நான் வில்மாப்பா."

"வில்மா வீட்ல இருக்கா. பிரோஷ்காவ எங்க அனுப்பினீங்க?"

அவர் சாமான் அறையைத் திறந்து பார்த்தார். மாவு மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தார். மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார், ஒளிந்து விளையாடும் குழந்தையைத் தேடுகிற மாதிரி. வில்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்று நேரம் கழித்துப் பரிமாறுகிற பெண் ஓடிவந்தாள். "அக்கா, உங்கப்பா கோட்டுகூடப் போடாம பின்வாசல் வழியா எறங்கிப் போறாரு. ஏரிப் பக்கமா!"

வில்மா கட்டியிருந்த ஏப்ரனோடு ஓடினாள். சாலை முடிகிற இடத்தில் கருங்கற்கள் குவிந்த கரை. அதற்கு அப்பால் வெள்ளை வெளேரென்று ஏரி உறைந்து கிடந்தது. கூப்பிடு தூரத்தில், பனியின் மேல், சட்டை காற்றில் படபடக்க அப்பா போய்க்கொண்டிருந்தார். சிறுமியாக இருந்த அந்த மார்ச்சுக்குப் பிறகு அவள் ஏரிப் பனியில் காலே வைத்ததில்லை. வைத்தாள். கீழே எங்கோ ஆழத்தில் பனி முனகியது.

"அப்பா! நில்லுங்கப்பா!"

அவர் நிற்கவில்லை.

"அப்பா!"

அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூப்பிட்டாள்: "ஆர்பாட்!"

அவர் நின்றார். திரும்பினார். முகம் மலர்ந்தது.

"எங்க போயிட்ட? தேடிட்டே இருக்கேன்."

"இங்கதான் இருக்கேன்." அவள் ஒவ்வோர் அடியாக நெருங்கினாள்.

"நாந்தான் வந்துடுவேன்னு சொன்னேன்ல. நீ எதுக்கு இங்க வந்த?" அவர் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. "கிண்ணத்த விட்டெறிஞ்சேனே, அதானே? அந்தக் கோவத்துலதானே வந்த?"

இந்தக் கேள்வியோடுதான் அவர் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார் என்பது வில்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளிடம் ஒரு பதில் இருந்தது. அவளை யாரும் கேட்காத பதில். அந்தச் சாயங்காலம் அம்மா பானையோடு வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "வில்மா, இன்னொரு கரண்டி எடுடி" என்று கேட்டாள். ஒரு கரண்டி ஏற்கெனவே அம்மாவின் பையில் இருந்தது. வில்மா இழுப்பறையிலிருந்து சட்டென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்ததைத்தான் அவள் வாழ்நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். தேடுகிற மாதிரி கொஞ்சம் தாமதித்திருந்தால் இருட்டியிருக்கும், அம்மா போயிருக்க மாட்டாள் என்று. அந்தக் கரண்டிக்கு வேறு ஓர் அர்த்தம் உண்டு என்று அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

"கோவத்துல வரல. ரெண்டு கரண்டி எடுத்துட்டு வந்தேன் ஆர்பாட்" என்றாள். தன் வாயிலிருந்து யார் பேசுகிறார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. "சாகப் போறவளுக்கு எதுக்கு ரெண்டு கரண்டி?"

"ரெண்டா?"

"ரெண்டு."

"என்கூடச் சாப்பிடவா?"

"பின்ன யாருகூட?"

அவர் கண்ணிலிருந்து வழிந்தது கன்னத்திலேயே உறைந்தது. "நான்தான் அங்க இல்லையே, பிரோஷ்கா. கடையில உக்காந்து குடிச்சுட்டு இருந்தேன்."

"தெரியும்."

"ஆறிப் போயிருக்குமே."

"பரவால்ல, சூடு பண்ணிக்கலாம். வாங்க."

பரிமாறுகிற பெண்ணும் வால்டும் கயிறோடும் போர்வையோடும் கரையில் நின்றிருந்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்து அவள் மெல்ல மெல்லக் கூட்டி வந்தாள். காலடியில் பனி முனகிக்கொண்டே இருந்தது, ஆனால் உடையவில்லை. அவரை அடுப்பருகே உட்கார வைத்தாள். குளிர்பெட்டியில் வாங்கி வைத்திருந்த கெண்டையை வெட்டி, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தாள். அன்று அவரோடு அதே கிண்ணத்தில் தானும் சாப்பிட்டாள்.

விஷயத்தைக் கேட்டபோது ரோசி நேனி தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு கரண்டி! ஏண்டி, முப்பது வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? இந்த ஊரே அவள என்னென்ன பேசிச்சு! நானும்தானே பேசினேன்!"

"யாரும் என்னக் கேக்கல நேனி. அம்மா எத்தன மணிக்குப் போனான்னு மட்டும்தான் கேட்டாங்க."

நேனி அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரோஷ்கா பெயரில் பூசைக்குச் சொன்னாள். தேவாலய வாசலில் ஒவ்வொருத்தியையும் பிடித்து நிறுத்தி அந்தக் கரண்டிக் கதையைச் சொன்னாள். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் நம்பவில்லை.

ஆர்பாட் அதற்குப் பிறகு ஏரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. வில்மா என்றும் பிரோஷ்கா என்றும் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டார். இரண்டுக்கும் அவள் திரும்பினாள். ஆகஸ்டில், படுக்கையில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பிரோஷ்காவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

ஓட்டல் நன்றாகவே நடந்தது. கிளீவ்லாண்டிலிருந்தெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் வந்தார்கள். இனிமேல் பயம் விட்டுவிடும், தன் பெயர் தன்னிடமே திரும்ப வந்துவிடும் என்று வில்மா நினைத்திருந்தாள். பயம் விட்டுப் போனது உண்மைதான். ஆனால் மத்தியான வேளைகளில் அடுப்படிக் கதவு ஆடினால் அவள் தோள் தானாகவே ஒரு கைக்காகக் காத்திருந்தது. யாரும் வரவில்லை. அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட இனி உலகத்தில் ஆள் இல்லை என்பது, அப்பாவின் சாவைவிடப் பெரிய சாவாக அவளுக்குத் தோன்றியது.

அக்டோபரில் ஒருநாள் கூட்டமான நேரம். கிண்ணங்களை ஏந்திக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். சன்னலோர மேசையிலிருந்து ஓர் இளம் பெண் குரல் கொடுத்தாள்: "பிரோஷ்கா, இங்க வா."

"என்ன?" என்று வில்மா திரும்பினாள்.

மேசைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணும் நின்று திரும்பினாள். குழந்தை வில்மாவை அண்ணாந்து பார்த்தது. அந்தத் தாய் கூச்சத்தோடு, "உங்கள இல்லீங்க, என் பொண்ணக் கூப்பிட்டேன்" என்றாள்.

"தெரியும்மா" என்றாள் வில்மா. கிண்ணத்திலிருந்து குழம்பு தளும்பி விரலில் பட்டிருந்தது. சுட்டது. அவள் அதைத் துடைக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.